மேலே கூட்டம், கீழே ஏணி இல்லை: கல்லூரி வீரர்களின் சம்பளக் கணக்கு குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் தலைமை அமைப்பான என்சிஏஏயின் தலைவர் சார்லி பேக்கர், வீரர்களுக்குப் பணம் தரும் விதிகளைக் கண்காணிக்கும் காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷனின் தலைமைச் செயல் அலுவலர் பிரையன் சீலி, முதல் பிரிவு கான்ஃபரன்ஸ்களின் (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்புகள்) ஆணையர்கள், பல்கலைக்கழகத் தலைவர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கும் காலம் 2025 ஜூலை 1 அன்று தொடங்கியது. அதற்குச் சில வாரம் முன்பு, ஜூன் 6 அன்று, வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத் தீர்வுக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

இந்தப் பணம் வீரர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. 1984-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழக ஆட்சிக்குழு தொடுத்த வழக்கில், அமெரிக்க ஃபுட்பால் ஒளிபரப்பு என்சிஏஏயின் ஏகபோகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் நாற்பது ஆண்டுகள் தொலைக்காட்சிப் பணம் கொட்டியது. அரங்குகள் வளர்ந்தன, பயிற்சியாளர் சம்பளம் வளர்ந்தது, ஆடியவர்களுக்குப் படிப்புச் செலவு மட்டும் கிடைத்தது. 2023-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் ஒரு பயிற்சியாளரை நீக்கியபோது, இனி வேலை பார்க்க வேண்டாம் என்பதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். இன்றைய வரம்புப்படி ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா வீரர்களுக்கும் மூன்றரை ஆண்டு தரக்கூடிய பணம் அது. ஆகவே பணம் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று கேட்க இந்த மடல் எழுதப்படவில்லை. கொடுக்கும் முறையில் உள்ள ஓட்டைகளைச் சொல்லவும், அவற்றை அடைக்கச் சில வழிகளைச் சொல்லவுமே எழுதுகிறோம்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கும் டென்னிஸ் களத்துக்கும் அழைத்துப் போகும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பணம் புரளும் விளையாட்டுகளில் அவர்கள் அதிகம் இல்லை. இந்த மாற்றத்தால் முதலில் இடம் இழக்கப்போகும் விளையாட்டுகளில்தான் இருக்கிறார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களும் தங்கள் மொழியில் படிக்க வேண்டும்.

உச்சவரம்பு என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறோம். வரம்பு வந்துவிட்டது, இனி எல்லாரும் சமம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். 2025 ஏலத்தில் பத்து அணிகளுக்கும் ஒரே கைப்பணம், 120 கோடி ரூபாய். அதில் குறைந்தது முக்கால் பங்கைச் செலவழித்தாக வேண்டும். ஒளிபரப்பு வருமானமும் பொதுவில் திரண்டு அணிகளுக்குப் பிரிகிறது. அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லிலும் மேல்வரம்போடு கீழ்வரம்பு உண்டு, புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் உண்டு, வீரர் சங்கம் உண்டு. கல்லூரி விளையாட்டில் இருப்பது மேல்வரம்பு மட்டும். கீழ்வரம்பு இல்லை, டிராஃப்ட் இல்லை, சங்கம் இல்லை. வரம்பைத் தொடும் அளவுக்குப் பணம் இருக்கிறவர்கள் தொடுவார்கள், மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

அந்த 2.05 கோடி எப்படி வந்தது என்று பாருங்கள். பெரிய கான்ஃபரன்ஸ் பல்கலைக்கழகங்களின் ஒளிபரப்பு, டிக்கெட், விளம்பரதாரர் முதலிய வருமானங்களின் சராசரியை எடுத்து, அதில் 22 விழுக்காடு கணக்கிட்டார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் வரம்பு 4 விழுக்காடு ஏறும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அடிப்படையையே புதிதாகக் கணக்கிடுவார்கள். ஆக, பணக்காரர்களின் சராசரிதான் எல்லாருக்கும் அளவுகோல். டெக்சஸ் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் வருமானம் 2023-24 கணக்காண்டில் 33 கோடி டாலரைத் தாண்டியது. அவர்களுக்கு 2.05 கோடி என்பது நூற்றில் ஆறு. ஆண்டுக்கு 4 கோடி டாலர் வருமானமுள்ள சிறிய துறைக்கு அதே தொகை பாதி வருமானம். அந்த 4 கோடியிலும் பெரும்பகுதி மாணவர் கட்டணமும் பல்கலைக்கழக மானியமுமாக இருக்கும். அங்கே வீரருக்குத் தரும் ஒவ்வொரு டாலரும் இன்னொரு மாணவரின் கட்டணத்திலிருந்து வருகிறது. பெரிய இடங்களுக்கு வேறு வழிகள் உண்டு: டென்னசி பல்கலைக்கழகம் டிக்கெட் விலையிலேயே பத்து விழுக்காடு 'திறமைக் கட்டணம்' சேர்த்தது.

இப்போது பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் கணக்கு. 2.05 கோடியில், புதிதாகச் சேர்க்கும் உதவித்தொகைக்கு 25 லட்சம் டாலர் வரை வரம்பிலேயே கழியும். மீதி 1.8 கோடி. முன்பு ஆடியவர்களுக்கு இதே தீர்வில் ஒப்புக்கொண்ட பழைய பாக்கியைப் பிரித்த விகிதத்தையே பலர் இதற்கும் பின்பற்றுகிறார்கள்: ஃபுட்பாலுக்கு 75, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லாவற்றுக்கும் 5 விழுக்காடு. ஃபுட்பாலுக்கு 1.35 கோடி. அதை 105 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,28,571 டாலர். ஆனால் யாரும் சமமாகப் பிரிப்பதில்லை. ஆட்டத்தை வழிநடத்தும் முதல் குவார்ட்டர்பேக் ஒருவருக்கே பத்து லட்சத்துக்கு மேல் போய்விட்டால், கடைசி ஐம்பது பேருக்கு உதவித்தொகையைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. கூடைப்பந்துக்கு 27 லட்சம், 15 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,80,000.

இங்கே ஒரு விசித்திரம் நடக்கிறது. பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸில் பெரும்பாலானோருக்குப் பெரிய ஃபுட்பால் அணி கிடையாது. அவர்களில் ஒருவர் தன் பணத்தில் 60 லட்சத்தைக் கூடைப்பந்தில் போட்டால், ஃபுட்பால் சுமையுள்ள பெரிய பல்கலைக்கழகத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் செலவழிக்க முடியும். மொத்த வருமானம் குறைவு, ஆனால் ஒரே விளையாட்டில் குவிக்கலாம். போட்டியின் வரைபடம் விளையாட்டுக்கு விளையாட்டு மாறுவதற்கு இது ஒரு காரணம்.

வரம்புக்கு வெளியே ஓடும் பணம் அடுத்த சிக்கல். வெளியாரிடமிருந்து வரும் பெயர்-உருவ உரிமை ஒப்பந்தங்கள், அதாவது என்ஐஎல், 2.05 கோடியில் சேராது. மொத்தம் 600 டாலரைத் தொடும் ஒப்பந்தங்களை, கையெழுத்திட்ட ஐந்து வேலை நாட்களுக்குள், டெலாய்ட் நடத்தும் 'என்ஐஎல் கோ' தளத்தில் பதிய வேண்டும். அங்கே மூன்று கேள்விகள்: பணம் தருபவர் அந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ளவரா? உண்மையான வணிகக் காரணம் இருக்கிறதா? தொகை நியாயமான அளவில் இருக்கிறதா? வாழ்நாளில் 50,000 டாலருக்கு மேல் நன்கொடை தந்தவர் 'தொடர்புள்ளவர்' கணக்கில் வருவார்.

காகிதத்தில் நன்றாக இருக்கிறது. கோளாறு எங்கே வருகிறது என்றால், முதலாவதாக, நன்கொடையாளரின் மைத்துனர் நடத்தும் கார் விற்பனையகம் ஒரு வீரருக்கு 40,000 டாலர் தந்தால், அது விளம்பரக் கூலியா அணியில் சேர்ந்ததற்கான கூலியா என்று எந்த மென்பொருளாலும் அறுதியிட முடியாது. இரண்டாவதாக, உரிமையை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, எந்த விளம்பரத்தில் பயன்படுத்துவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒப்பந்தங்கள். அதில் வீரர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமே இருக்காது. மூன்றாவதாக, தாமதம். ஜனவரியில் இடமாற்றத்துக்கான இரண்டு வாரச் சந்தையில் முடிவெடுக்க வேண்டிய வீரருக்கு மார்ச்சில் வரும் அனுமதியால் பயன் இல்லை. விதியை மதிக்கும் பல்கலைக்கழகம் காத்திருக்கும், மதிக்காதது வாய்வார்த்தையில் உறுதி கொடுத்துவிடும். நேர்மையானவர் தோற்கும் சந்தையாக அது மாறிவிடுகிறது.

சீலி அவர்களே, உங்கள் விதிகளுக்குக் கட்டுப்படச் சொல்லி உங்கள் அமைப்பு 2025 நவம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிய பங்கேற்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் வெளிப்படையாகவே சொன்னார். டென்னசி மாநிலம் தன் பல்கலைக்கழகங்களுக்குச் சட்டக் குடை பிடித்திருக்கிறது. தண்டிக்க அதிகாரம் இல்லாத காவலர் என்று பெயர் வாங்குவதற்கு முன், உங்களால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: வெளிப்படைத்தன்மை. வீரர் பெயர் வேண்டாம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எந்த விளையாட்டுக்கு எவ்வளவு கொடுத்தது, அணிக்குள் உச்சத் தொகை, நடுத் தொகை, கடைத் தொகை எவை, என்ஐஎல் கோவில் எத்தனை ஒப்பந்தம் தேறியது, எத்தனை திரும்பியது, சராசரி எத்தனை நாள் ஆனது. இதைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுங்கள். இன்று ஏஜெண்டுகள் 'அந்தப் பல்கலைக்கழகம் எட்டு லட்சம் தருகிறது' என்று சொல்லும்போது, உண்மையா என்று சரிபார்க்க வீரரிடமும் பயிற்சியாளரிடமும் ஒன்றும் இல்லை. விலை தெரியாத சந்தையில் வதந்திதான் விலையைத் தீர்மானிக்கும்.

இனி, போட்டிக்கு என்ன ஆனது? இரண்டு விளையாட்டுகள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன.

ஃபுட்பாலில் மேல்தட்டு அகலமானது. நெடுங்காலம் தோற்கும் அணியாகவே அறியப்பட்ட இந்தியானா, 2025 பருவத்தில் 16 ஆட்டங்களையும் வென்று தன் முதல் தேசிய சாம்பியன் பட்டத்தைப் பிடித்தது. டெக்சஸ் டெக் பிக் 12 பட்டத்தை வென்றது. வேண்டர்பில்ட் பத்து வெற்றி கண்டது. முன்பு அலபாமாவும் ஜார்ஜியாவும் 85 உதவித்தொகையை வைத்துக்கொண்டு, மற்ற எந்த அணியிலும் முதல் வரிசையில் ஆடக்கூடியவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தன. பணமும் தடையில்லாத இடமாற்றமும் சேர்ந்தபோது அந்தப் பெஞ்ச் காலியானது. மூன்றாம் தேர்வாகக் காத்திருந்தவர் வேறோர் இடத்தில் முதல் தேர்வானார். பெரிய அணி வேண்டிய விளையாட்டு என்பதால், ஒரு பல்கலைக்கழகம் எல்லாரையும் வாங்கிவிட முடியாது. இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறோம்.

கூடைப்பந்தில் நடந்தது தலைகீழ். களத்தில் ஐந்து பேர். சிறிய பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு நல்ல வீரர்கள் இருந்தால் அது தேசிய சாம்பியன் தொடரான மார்ச் மேட்னஸில் ஒரு பெரிய அணியை வீழ்த்தும். அந்த இருவரை யாராவது இழுத்துக்கொண்டால் அணியே இல்லை. 2022-இல் 15-ஆம் தரவரிசையிலிருந்து வந்து கென்டக்கியையும் பர்டூவையும் வீழ்த்தி, கடைசி எட்டுக்குள் நுழைந்த செயின்ட் பீட்டர்ஸ் நினைவிருக்கும். சில வாரங்களில் பயிற்சியாளரும் முக்கிய வீரர்களும் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். 2025-இல் கடைசி பதினாறில் எஸ்இசி 7, பிக் டென் 4, பிக் 12 4, ஏசிசி 1. நான்கே கான்ஃபரன்ஸ், வேறு ஒருவரும் இல்லை. இறுதி நான்கு அணிகளும் தத்தம் மண்டலத்தின் முதல் தரவரிசை அணிகள். அந்தப் போட்டித் தொடரின் உயிரே எதிர்பாராத வெற்றி. அதை நம்பித்தான் சிபிஎஸ்ஸும் டர்னரும் ஆண்டுக்குச் சுமார் 110 கோடி டாலர் தருகின்றன.

ஆக, பணம் மேல்மாடியில் உள்ள 68 பல்கலைக்கழகங்களுக்கிடையே போட்டியைக் கூட்டியது. அதே பணம் மேல்மாடிக்கும் மற்ற சுமார் முந்நூறு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே இருந்த ஏணியை எடுத்துவிட்டது. நீங்கள் முதல் பாதியைக் காட்டி வெற்றி என்கிறீர்கள், சிறியவர்கள் இரண்டாம் பாதியைக் காட்டி அழிவு என்கிறார்கள். இரண்டும் ஒரே செயலின் இரு விளைவு.

இந்தியானாவின் கதையையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். அவர் பின்னால் பத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கிருந்தே வந்தார்கள், அணியின் முதுகெலும்பானார்கள். ஜேம்ஸ் மேடிசன் விடாமல் மீண்டும் ஓர் அணியைக் கட்டி 2025-இல் தேசிய பிளேஆஃப் வரை வந்தது. அந்தப் பருவம் முடிவதற்குள்ளேயே அதன் புதிய பயிற்சியாளரை யுசிஎல்ஏ அழைத்துக்கொண்டது. திறமையைக் கண்டுபிடித்து, எடை கூட்டி, காயம் ஆற்றி, ஆட்டம் கற்றுக்கொடுத்தது ஓர் இடம். பலன் வேறோர் இடத்துக்கு. கற்றுக்கொடுத்த இடத்துக்கு ஒரு டாலரும் வரவில்லை.

உலகக் கால்பந்தில் இதற்கு எப்போதோ மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு வீரர் பணத்துக்குக் கைமாறும்போது, அந்தத் தொகையில் ஐந்து விழுக்காட்டை, அவர் 12 வயது முதல் 23 வயது வரை பயின்ற கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. வாங்கும் பல்கலைக்கழகம் கட்ட வேண்டும் என்றால் அதை வீரரின் சம்பளத்தில் கழித்துவிடும், மறுநாளே ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். பொதுப் பணத்திலிருந்து கொடுப்பதே வழி.

கான்ஃபரன்ஸ் ஆணையர்களே, இது உங்களுக்கு. ஃபுட்பால் பிளேஆஃப் பணம் என்சிஏஏ கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. 2026 முதல் இஎஸ்பிஎன் தரும் தொகை ஆண்டுக்குச் சராசரி 130 கோடி டாலர். அதில் எஸ்இசியும் பிக் டென்னும் மட்டும் ஆளுக்குச் சுமார் 29 விழுக்காடு எடுத்துக்கொள்கின்றன. பிரிப்பதற்கு முன் இரண்டு விழுக்காட்டை, 2.6 கோடி டாலரை, தனியே வையுங்கள். ஒரு வீரர் சிறிய கான்ஃபரன்ஸிலிருந்து பெரியதற்கு மாறினால், அவர் முந்தைய இடத்தில் ஆடிய ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு புள்ளி. ஓராண்டில் ஆயிரம் பேர் அப்படி மாறி, ஒவ்வொருவருக்கும் சராசரி இரண்டு புள்ளி என்றால், மொத்தம் 2,000 புள்ளி, புள்ளிக்கு 13,000 டாலர். நான்கு வீரர்களை இழந்த பல்கலைக்கழகத்துக்கு 1,04,000 டாலர் வரும். ஒரு அத்லெடிக் டிரெய்னரின் ஆண்டுச் சம்பளமும் இரண்டு மூன்று உதவித்தொகையும் அதில் அடங்கும். கூடைப்பந்துக்கு இதே முறையில் மார்ச் மேட்னஸ் பணத்தில் ஒரு விழுக்காடு, சுமார் 1.1 கோடி, பேக்கர் அவர்கள் தரப்பிலிருந்து வரலாம். நிபந்தனை ஒன்றே: அந்தப் பணம் பயிற்சியாளர் சம்பளத்துக்குப் போகக் கூடாது, வீரர்களின் உதவித்தொகைக்கும் மருத்துவத்துக்குமே போக வேண்டும். யாருடைய சம்பளமும் குறையாது, யாருடைய இடமாற்றமும் தடைபடாது.

இதைக் கேட்க எங்களுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2016 முதல் ஆடியவர்களுக்குத் தர ஒப்புக்கொண்ட பழைய பாக்கி சுமார் 278 கோடி டாலர், பத்து ஆண்டில் கட்ட வேண்டும். அதில் ஒரு பகுதி என்சிஏஏயின் சேமிப்பிலிருந்தும் மற்ற வழிகளிலிருந்தும் வருகிறது. மீதியைப் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் ஆண்டுப் பங்கில் பிடித்தம் செய்கிறார்கள். அந்தப் பிடித்தத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைச் சுமப்பவை வழக்கில் பிரதிவாதிகளே அல்லாத 27 கான்ஃபரன்ஸ்கள். இழப்பீட்டில் சுமார் முக்கால் பங்கு போவதோ பெரிய கான்ஃபரன்ஸ்களின் ஃபுட்பால் வீரர்களுக்கு. கடன் பட்டவர் ஒருவர், தவணை கட்டுபவர் இன்னொருவர். சிறிய கான்ஃபரன்ஸ் ஒன்று தன் வீரர்களுக்குப் பணம் தர நினைக்கும் அதே ஆண்டில் அதன் வருமானம் குறைகிறது.

அதன் விளைவைப் பென்சில்வேனியாவில் பார்த்தோம். செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் தன் கான்ஃபரன்ஸை வென்று மார்ச் மேட்னஸின் 'ஃபர்ஸ்ட் ஃபோர்' நுழைவுச் சுற்றில் ஆடியது, இரண்டே புள்ளியில் தோற்றது. ஒரு வாரம் கழித்து, முதல் பிரிவை விட்டு விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவுக்குப் போகிறோம் என்று அறிவித்தது. களத்தில் தோற்றதால் அல்ல.

அடுத்து ஒப்பந்தங்கள். இன்று புழக்கத்தில் உள்ள பல ஒப்பந்தங்கள் அவசரத்தில் எழுதப்பட்டவை. பணப் பகிர்வு ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஃபுட்பால் இடமாற்றச் சாளரம் ஜனவரி 2 முதல் 16 வரை. தவணைகள் மாதாமாதம் என்றால், போகிற வீரர் ஆறு மாதத் தொகையை வாங்கியிருப்பார், ஆட்டப் பருவம் முழுவதையும் ஆடி முடித்திருப்பார். பல்கலைக்கழகம் ஏமாந்ததாக நினைக்கும். ஆண்டு முழுத் தொகையையும் ஆட்டப் பருவத்திலேயே கொடுத்துவிட்டால் வசந்தகாலத்தில் பிடிமானம் இருக்காது. பின்னால் தள்ளிப் போட்டால், காயம் பட்ட வீரரைக் காசு தராமல் அனுப்பிவிட வழி பிறக்கும். விஸ்கான்சின் தன்னோடு ஒப்பந்தமிட்ட வீரரை மயாமி இழுத்துக்கொண்டது என்று 2025 ஜூனில் வழக்குப் போட்டது. ஒரு பல்கலைக்கழகம் இன்னொன்றை நீதிமன்றத்துக்கு இழுக்கும் நிலை இது.

எல்லாரும் பயன்படுத்த ஒரே மாதிரி ஒப்பந்தப் படிவம் வேண்டும். அதில் எங்கள் பார்வையில் விடவே கூடாதவை இவை. காயத்தைக் காரணம் காட்டி ரத்து செய்யக் கூடாது, மருத்துவச் செலவு ஒப்பந்தம் முடிந்த பின்னும் இரண்டு ஆண்டு தொடர வேண்டும். விலகல் தொகை இருக்கலாம், ஆனால் அது மாதாமாதம் குறைந்துகொண்டே வர வேண்டும், வாங்கிய மொத்தத் தொகையைத் தாண்டவே கூடாது. பயிற்சியாளர் போய்விட்டால் வீரர் விலகல் தொகையின்றிப் போகலாம், ஏனெனில் பெரும்பாலோர் அந்த ஆளை நம்பித்தான் சேர்கிறார்கள். பெயர்-உருவ உரிமை ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும், பிறகு ஒரு நாள்கூட நீளக் கூடாது. கையெழுத்துக்கு முன் ஏழு நாள் அவகாசம், வெளி வழக்கறிஞரிடம் காட்ட உரிமை. ஏஜெண்டு கட்டணத்துக்கு மேல்வரம்பு: என்எஃப்எல்லில் அது மூன்று விழுக்காடு, கல்லூரியிலோ பத்து, இருபது என்று கேட்பவர்கள் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளையின் முதல் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. இந்தப் பணம் பெரும்பாலும் 1099 படிவத்தில் வருகிறது, வரி பிடித்தம் இல்லாமல். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி ஆகிய மாதங்களின் 15-ஆம் தேதிகளில் முன்வரி கட்ட வேண்டும் என்று தெரியாத மாணவர், அடுத்த ஆண்டு பெரும் கடனாளியாக நிற்பார். சுயதொழில் வரி பொருந்தினால் அதுவே 15.3 விழுக்காடு. போட்டிக்கும் இதில் பங்கு உண்டு: டெக்சஸ், ஃபுளோரிடா, டென்னசியில் மாநில வருமான வரி இல்லை. ஆர்கன்சா 2025-இல் வீரர்களின் இந்த வருமானத்துக்கு மாநில வரிவிலக்கே கொடுத்தது. கலிஃபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3. ஒரே வரம்பு, ஒரே டாலர், கையில் நிற்பது வேறு வேறு.

இனி அந்த விடியற்காலைப் பிள்ளைகள். தீர்வின்படி உதவித்தொகை எண்ணிக்கை வரம்பு போய், அணியில் இருப்போரின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. பேஸ்பாலில் முன்பு ஒரு அணிக்கு 11.7 உதவித்தொகைதான். இன்று அணியில் 34 பேர், விரும்பினால் 34 பேருக்கும் முழுத் தொகை. ஆண்கள் நீச்சலில் 9.9 இருந்தது, இன்று 30 பேர் வரை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பேஸ்பாலுக்கு மட்டும் கூடுதலாக 22.3 உதவித்தொகை, ஒன்றுக்கு 50,000 டாலர் என்று வைத்தாலும் 11 லட்சத்துக்கு மேல். வரம்பில் கழியும் 25 லட்சத்தில் கிட்டத்தட்டப் பாதி ஒரே விளையாட்டுக்குப் போய்விடும். நீச்சலுக்கு யார் தருவார்கள்? சிலர் தருவார்கள், அவர்களே எல்லாப் பதக்கங்களையும் அள்ளுவார்கள். மற்றவர்கள் குளத்தை மூடுவார்கள். கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணியை நிறுத்தியபோது இந்தத் தீர்வின் செலவையும் ஒரு காரணமாகச் சொன்னது. உதவித்தொகை இல்லாமல் உழைப்பால் அணியில் இடம் பிடித்த வாக்-ஆன் வீரர்களை வரம்பு வெளியேற்றுகிறது என்று நீதிபதி வில்கனே 2025 ஏப்ரலில் ஒப்புதலை நிறுத்திவைத்தார். அதனால் அப்போது இருந்தவர்களுக்கு விலக்குக் கிடைத்தது, அடுத்து வருகிறவர்களுக்கு இல்லை.

பெண்களின் நிலை இதைவிடக் கவலை தருகிறது. மேலே சொன்ன விகிதப்படி ஆண்களின் இரண்டு விளையாட்டுக்கு மட்டும் 90 விழுக்காடு. 2025 ஜனவரியில் கல்வித் துறை, இந்தப் பணமும், கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டப்படி, பெண்களுக்கு உரிய விகிதத்தில் போக வேண்டும் என்றது. பிப்ரவரியில் புதிய அரசு அந்த விளக்கத்தைத் திரும்பப் பெற்றது. பழைய பாக்கிப் பிரிவினையை எதிர்த்துப் பெண் வீரர்கள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். நீதிமன்றம் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். குறைந்தது, வரம்பில் ஆண்டுதோறும் ஏறும் 4 விழுக்காட்டை, அடுத்த ஆண்டில் சுமார் 8 லட்சம் டாலரை, பெண்கள் விளையாட்டுக்கென்றே ஒதுக்குங்கள். அது யாரிடமிருந்தும் எடுப்பதாகாது, புதிதாக வரும் பணம்.

வெளிநாட்டு மாணவர்களையும் மறக்க வேண்டாம். கன்சாஸ் ஸ்டேட்டுக்காக ஆடி 2018-இலும் 2022-இலும் என்சிஏஏ உயரம் தாண்டுதல் பட்டத்தை வென்ற தேஜஸ்வின் சங்கர், இந்தக் கல்லூரி அமைப்பு இந்தியாவுக்குத் தந்த தடகள வீரர். அதே வழியில் இன்று வருகிறவர் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பார். அந்த விசா வேலை செய்து சம்பாதிக்கக் கடுமையான கட்டுப்பாடு வைக்கிறது. ஒரே அணியில் பக்கத்தில் நிற்பவர் பணம் வாங்க, இவர் வாங்கினால் விசாவுக்கே ஆபத்து வரலாம். சில பல்கலைக்கழகங்கள் உரிமத் தொகை என்று பெயர் மாற்றித் தருகின்றன. நாளை குடியேற்றத் துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த மாணவர், பல்கலைக்கழகம் அல்ல. எழுத்தில் ஒரு தெளிவான வழிகாட்டுதலை அரசிடம் பெற்றுத் தருவது பேக்கர் அவர்களின் அலுவலகத்தால் முடியும்.

கடைசியாக, இவை அனைத்துக்கும் அடியில் உள்ள கேள்வி. வீரர்களோடு பேசி ஒப்புக்கொள்ளாத வரம்பு வழக்கில் நிற்பது கடினம். 2021-இல் ஆல்ஸ்டன் வழக்கில், கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்சிஏஏ வைத்த வரம்பை உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக நிராகரித்தார்கள். என்எஃப்எல் வரம்பு நிற்பதற்குக் காரணம், சங்கம் மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்டது. டார்ட்மவுத் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-2 என்று சங்கத்துக்கு வாக்களித்து, ஆண்டு முடிவில் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். நீங்கள் நாடாளுமன்றத்தில் ஏகபோகச் சட்ட விலக்குக் கேட்டு நடக்கிறீர்கள். அந்த நடையில் பாதியை வீரர்களின் பக்கம் நடந்திருந்தால் இதற்குள் ஒரு மேசை போட்டிருக்கலாம்.

அடுத்த ஜூலை 1-க்கு முன் மூன்றை எதிர்பார்க்கிறோம்: காலாண்டுக் கணக்கின் முதல் வெளியீடு, பொது ஒப்பந்தப் படிவத்தின் வரைவு, பிளேஆஃப் பணத்தில் அந்த இரண்டு விழுக்காட்டின் மீது ஒரு வாக்கெடுப்பு. வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி விளையாட்டின் கணக்கோடு பழகும் சிலர்